மார்பெலும்புக்குப் பின்னால்

அடுக்கில் இருந்த நூற்றுக்கணக்கான உறைகளில் அவளுடைய உறை மட்டும் கதகதப்பாக இருந்தது.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் எக்ஸ்ரே படங்களைப் பாதுகாக்கும் அந்த அறையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறாள். ஏசியின் ஓயாத முனகலும், பழைய படங்களின் புளித்த வாடையும், தரையில் கம்பி கம்பியாக விழும் இரும்பு அடுக்குகளின் நிழலும் அவளுக்குப் பழகிப்போனவை. இன்று எரிச்சலில் எதுவுமே மனதில் ஏறவில்லை.

காலையில்தான் எக்ஸ்ரே டாக்டர் சொன்னார்: "நெஞ்செலும்புக்குப் பின்னால இருக்கற தைமஸ் சுரப்பில ஒரு கட்டி இருக்கு. லிம்ஃபோமான்னு ஒரு அபூர்வமான புற்றுநோய். ஆனா ரொம்ப மெதுவா வளர்ற ரகம்மா, பயப்பட வேண்டாம்."

"எத்தனை வருஷமா வளருது?"

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

ஆறு வருடமாக வாய் வறண்டு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண்ணுக்குள் மணல் உறுத்தியது. "எல்லாம் மனசுதாம்மா" என்று திருப்பி அனுப்பியவரும் இவரேதான்.

ஏழு வருடமாக ஊழியர்களுக்கு வருடாவருடம் எடுக்கும் மார்புப் படங்களில் தன்னுடைய ஏழு படங்களையும் அந்த உறையிலிருந்து உருவி, அறை விளக்கை அணைத்துவிட்டு, வெளிச்சம் எரியும் ஒளிப்பலகையில் வரிசையாகச் செருகினாள். முதல் படத்தில், மார்பெலும்புக்குப் பின்னால் நகக்கண் அளவு வெள்ளை. அடுத்ததில் சற்றே பெரிது. ஏழாவதில் இதயத்தின் மேல் ஒரு முஷ்டி. ஏழு அறிக்கையிலும் 'இயல்பு' என்று எழுதி, கீழே அவர் கையெழுத்து.

மூன்றாவது படத்தில் அந்த வெள்ளையைச் சுற்றி மெழுகுப் பென்சிலால் போட்ட வட்டம். தேய்த்து அழித்திருந்தார்கள். தடம் போகவில்லை.

பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு அழித்திருக்கிறான்.

இன்டர்காமை எடுத்தாள்.

"மூணாவது வருஷப் படத்துல வட்டம் போட்டது யாரு டாக்டர்?"

"அழிச்சுட்டேனே..."

"என்ன மனுஷன்யா நீங்க! நாலு வருஷம் மறைச்சிருக்கீங்க! என் உசுரு உங்களுக்கு விளையாட்டா?"

"நான் பாக்கறப்ப அது அசைஞ்சுதும்மா. எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு நினைச்சேன். வெளிய சொன்னா சிரிப்பாங்க. அதான்..."

"படம் எப்படிய்யா அசையும்?"

"அங்க நிக்காதீங்க. மேல வந்துடுங்க."

போனை அடித்து வைத்தாள். பொய்க்கு மேல் பொய். உங்களைச் சந்தி சிரிக்க வைக்கிறேன் பாருங்கள் என்று பல்லைக் கடித்தபடி, ஒளிப்பலகையின் சுவிட்சைத் தட்டினாள்.

விளக்கு அணைந்தது.

விலா எலும்புகள் மறைந்தன. இதயம் மறைந்தது.

ஏழு வெள்ளைகளும் அணையவில்லை.

இருட்டில் அவை மெல்ல உப்பின. சுருங்கின. அவள் மூச்சோடு சேர்ந்து. உப்பின. சுருங்கின.

அவள் மூச்சை அடக்கினாள்.

அவை அடக்கவில்லை.