நாடிப்பொறியின் முதல் போணி

கோவில்பட்டியில் யாரும் பணப்பை கொண்டு போவதில்லை. உள்ளங்கை போதும். சங்கரலிங்கத்தின் பாத்திரக் கடையில் மட்டும் பழைய அட்டைப்பொறி இருந்தது. அது பழுதானதும், விற்பனையாளன் ரூபன் கல்லா மேசைமேல் இரண்டு பொறிகளை வைத்தான்.

"இது தொடுபொறி, அண்ணாச்சி. அட்டையக் காட்டணும், மாச வாடகை உண்டு. இது நாடிப்பொறி. கைய வச்சா ரத்த ஓட்டத்தப் படிச்சு ஆளக் கண்டுபிடிச்சிரும். தவணையும் அதுவே முடிவு பண்ணும். வாடகையே கிடையாது."

"சும்மா எவன் குடுப்பான்?" என்றாள் சங்கரலிங்கத்தின் மனைவி செண்பகவல்லி.

"மதினிக்கு எல்லாத்துலயும் சந்தேகந்தான்."

சங்கரலிங்கம் நாடிப்பொறியையே எடுத்தார்.

கடைக்கு எது புதிதாக வந்தாலும் முதல் போணி செண்பகவல்லியின் கையால்தான். அவள் கைராசி அப்படி. மறுநாள் காலை ஒரு குத்துவிளக்கை எடுத்து வைத்து, பொறிமேல் உள்ளங்கையைப் பதித்தாள். பொறி தயங்கியது. பிறகு எழுத்துகள் தோன்றின: 'தவணை இல்லை. முழுத் தொகையும் இப்போதே.'

அடுத்து வந்தவர், வாங்கிய கடனைத் திருப்பித் தராத மாடசாமி. அவருக்கு இரண்டு வருடம் கொடுத்தது.

"மாடசாமிய நம்புது, ஒன்னய நம்ப மாட்டேங்கு பாத்தியா!" சங்கரலிங்கம் சிரித்தார்.

"கடன் வச்சா எனக்குத் தூக்கம் வராதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்று அவளும் சிரித்து, முழுத் தொகையையும் கட்டினாள்.

ஆடி முடிவதற்குள், அடுப்படியில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் இதயம் நின்றுவிட்டது. பிறகு தையற்கடை பொன்னுத்துரையும் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் பொறி தவணை மறுத்திருந்தது.

சங்கரலிங்கம் ரூபனை வரவழைத்தார். "சாகப்போறாங்கன்னு பொறிக்கு முன்னாலயே தெரியுமாடே?"

"என்ன வியாதின்னு அதுக்குத் தெரியாது அண்ணாச்சி. கடைசித் தவணை வரைக்கும் ஆள் இருப்பாரான்னு மட்டுந்தான் பாக்கும்."

"ஏம்ல சொல்லல?"

"நீங்க வாடகைய மட்டுந்தான கேட்டீங்க."

பேசி முடிக்கும்வரை அவன் கைகளைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது. பொறியை உடைக்க வருவார்கள் என்று நினைத்தார். வரிசையில் வந்தார்கள். ஒரு தம்ளருக்குத் தவணை கேட்டுக் கை வைத்தார்கள். மறுக்கப்பட்டவர்கள் தம்ளரை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போனார்கள். கழற்றிவிடுகிறேன் என்று அவர் சொன்னபோது, "எங்க முறை முடியட்டும் அண்ணாச்சி" என்று கெஞ்சினார்கள்.

இப்போது போணி அவருடையது. தினமும் கடை திறந்ததும், அந்தக் குத்துவிளக்கைத் தள்ளிவைத்துவிட்டு, ஒரு தம்ளரோடு உள்ளங்கையைப் பதிக்கிறார். முழுத் தொகையையும் இப்போதே கேட்காதா என்று காத்திருக்கிறார்.

பொறி தயங்குவதே இல்லை. தன்னிடம் உள்ளவற்றில் மிக நீண்ட தவணையை அவருக்குக் கொடுக்கிறது.