கூச்சம் மிகுந்த அணுக்கரு

செவ்வாய்க் கோளின் செந்திட்டுக் குடியிருப்பில் யாரும் எழுந்தவுடன் பல் துலக்கப் போவதில்லை. படுக்கையில் கிடந்தபடியே இடது இமையை இருமுறை தட்டுவார்கள். கண்ணுக்குள் பதித்திருக்கும் இமைத்திரை விழித்துக்கொண்டு ஊரின் காற்றுத் தொட்டியைக் காட்டும். காற்று நிறைய இருக்கிறது என்று கண்ணாரக் கண்ட பிறகுதான் கொட்டாவி விடுவார்கள். முன்பொரு காலத்தில் நிர்வாகக் குழு ஒரு காற்றுக் கசிவை மூடி மறைத்துப் பல உயிர்கள் போயின. அன்று பிறந்த சட்டம் காணுரிமை. வீடுகளைத் தவிர ஊரில் எந்த இடத்தையும் எவரும் எப்போது வேண்டுமானாலும் இமைத்திரையில் பார்க்கலாம், பேச்சைக் கேட்கலாம், தடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. அந்த ஊர்க்காரர்கள் செய்த நல்ல காரியங்களில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன்.

அந்த நாட்களில் காற்றுத் தொட்டிக்கு அடுத்தபடியாக எல்லோரும் பார்த்தது நறுமுகையின் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரு படிகத்தை. காரணம், பெரும் புழுதிப்புயல் வந்துகொண்டிருந்தது. அது வானத்தை மூடினால் மாதக்கணக்கில் வெயில் கிடையாது, வெயில் இல்லையென்றால் ஊரில் சூடு கிடையாது. பாலையும் தண்ணீரையும் மட்டுமல்ல, மனிதர்களையும் உறைய வைக்கும் குளிர் அங்கே. ஊரைக் காப்பாற்றக்கூடிய சூடு முழுவதும் அந்தக் கையளவு படிகத்துக்குள் இருந்தது.

அணுக்கருவின் ஆற்றல் நிலைகள் மாடிப்படி மாதிரி. இந்தப் படியில் நிற்கலாம், அடுத்த படியில் நிற்கலாம், நடுவில் தொங்க முடியாது. மூலக்கூறுக்கும் இதே சட்டம்தான், அதைவிடச் சிறிய துகளுக்கும் இதே சட்டம்தான். யாரும் காவல் நிற்காமலே இத்தனை ஒழுங்காக ஓர் உலகம் நடக்கிறதே என்று எனக்கு எப்போதும் வியப்பு. படிகத்துக்குள் இருந்த கருக்கள் மேல்படியில் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒன்று இறங்கினால் மற்றவையும் அதன் பின்னால் வரிசையாக இறங்கும், சூடு கொட்டும். ஆனால் தானாக இறங்குவதென்றால் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும். எந்த நிற ஒளியைக் காட்டினால் அது உடனே இறங்க மனம் வைக்கும் என்று நறுமுகை கண்டுபிடித்திருந்தாள். இளமை முழுவதையும் அதற்கே கொடுத்தவள். கரு படியிறங்கும் அந்தக் கணத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

ஒளியைக் காட்டினாள். கரு அசையவில்லை.

கோளாறு படிகத்தில் இல்லை, ஊரில் இருந்தது. யாராவது படிகத்தைப் பார்க்க இமையைத் தட்டினால் ஒரு மெல்லிய கதிர் கருவிடம் போய், "எந்தப் படியில் இருக்கிறாய்?" என்று கேட்டுத் திரும்பும். பாதி மனதாய் இறங்கத் தொடங்கிய கரு, கேட்டவுடன், "மேல்படியில்தான்" என்று பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். பிறகு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஊரே ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தால் அது எப்போது இறங்குவது?

நறுமுகை ஊர்ச்சபையில் நின்று கெஞ்சினாள். "ஒரு மணி நேரம் யாரும் பாக்காதீங்க. அது போதும்." எல்லோரும் கைதூக்கினார்கள். எல்லோருமே நல்லவர்கள்தான். ஆனால் குறித்த நேரம் வந்ததும் ஒவ்வொருவருக்கும் ஒரு சந்தேகம். நாம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறோம், மற்றவர்கள் காப்பாற்றுகிறார்களா? ஊராருக்குப் படத்தின் மூலையில்தான் பார்ப்பவர் எண்ணிக்கை தெரியும். எனவே ஆளுக்கு ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள்.

அந்த ஒரு மணி நேரம் முடிந்தபோது அவள் கணவன் கோவேந்தன் ஆய்வுக்கூடத்துக்குள் வந்தான். ஊரின் வெப்பக் குழாய்கள் அவன் பொறுப்பு.

"என்னாச்சு முகை?"

"மேலேயே நிக்குது."

"புயல் கூரைக்கு மேல வந்திருச்சு. குழாய்ல எதை விடச் சொல்ற? எல்லாரும் என்னைத்தான் கேக்குறாங்க."

"அவங்களைக் கண்ணை மூடச் சொல்லுங்க. தானா சூடு வரும்."

"அதைச் சபையில பக்குவமாச் சொல்லியிருக்கணும். நீ என்னவோ உத்தரவு போடுற மாதிரி பேசின. உங்க வீட்டுப் பேச்சே அப்படித்தான்."

பேச்சில் 'உங்க வீடு' வந்துவிட்டால் செவ்வாயாக இருந்தாலென்ன, செங்கல்பட்டாக இருந்தாலென்ன?

"எங்க வீட்டை எதுக்கு இழுக்குறீங்க? உங்கம்மா பேசாத பேச்சா?"

படத்தைத் திறக்காமலே பார்ப்பவர்களை எண்ணும் உதவி ரோபோ துலா குறுக்கிட்டது. "மன்னிக்க வேண்டும். படிகத்தைப் பார்ப்பவர்கள் வேகமாகக் குறைகிறார்கள். எல்லோரும் உங்கள் இருவரையும் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நறுமுகைக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஒளியை மறுபடி காட்டினாள். பிறகு தன்னுடைய அளவுமானியையும் அணைத்துவிட்டு, படிகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் பார்த்தாலும் பார்த்ததுதானே? வாழ்நாள் ஆசையை அப்படி முதுகுக்குப் பின்னால் விட்டாள்.

கோவேந்தன் பாவம், சண்டையில் சுமார்தான். "நேத்து... குழம்புல உப்பு கூட" என்றான்.

"சிலர் படிகத்துக்குத் திரும்புகிறார்கள்" என்றது துலா.

நறுமுகை கண்ணை மூடித் திறந்தாள். "நம்ம கல்யாணத்துல சாப்பிட உக்காந்த எங்கப்பாவை முதல் பந்தியிலேர்ந்து எழுப்பிவிட்டாங்களே, அது யாரு? இத்தனை வருஷம் கேக்காம இருந்தேன். இன்னைக்குச் சொல்லிடுங்க."

அவன் முகம் மாறிவிட்டது. இது நடிப்பில்லை என்று ஊருக்கே தெரிந்தது. அடுப்படியில் கரண்டிகள் நின்றன. பாதை பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் துடைப்பத்தோடு நின்றார்கள். படிகத்தின் மேல் ஒரு கண்கூட இல்லை.

அவள் விடவில்லை. "இலையில சோறு போட்டாச்சு. பிசைஞ்ச கையோட எழுந்து வந்தாரு. சிரிச்சுக்கிட்டே வந்தாரு, அதான் எனக்குத் தாங்கல." சொல்லும்போதே அவள் முதுகில் இளவெயில் பட்டதுபோல ஒரு சூடு ஏறியது. சுவருக்குள் குழாய்கள் சடசடவென்று விரிந்தன.

"இறங்கிவிட்டது. சூட்டை வைத்துச் சொல்கிறேன், பார்த்தவர் யாருமில்லை" என்றது துலா.

அவள் திரும்பியபோது எல்லாம் முடிந்து படிகம் அமைதியாகக் கனன்றுகொண்டிருந்தது.

"எப்படி இருந்திருக்கும்?" என்றாள் அழுதுகொண்டே.

"அழகா இருந்திருக்கும்" என்றான் கோவேந்தன், அவள் கையைப் பிடித்துக்கொண்டு.

மறுநாள் வெளியே புயல் அலறியது, உள்ளே ஊர் வியர்த்தது. நறுமுகை பொதுக் கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவளுக்குக் கண் கலங்கியது. கருவின் படிகளைப் பற்றி எளிமையாக எப்படி விளக்குவது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். சூடான குழாயில் சுகமாக முதுகைச் சாய்த்திருந்த ஒரு பெண்மணி கூட்டத்தின் சார்பில் வாயைத் திறந்தாள்.

"ஏம்மா, கடைசி வரைக்கும் அவரு சொல்லவே இல்லையே. உங்கப்பாவைப் பந்தியிலேர்ந்து எழுப்பிவிட்டது யாரு?"