சாராவின் மூன்று எக்ஸ்ரே படங்கள்

"அப்போ மாத்திரையை நான் சாக்கடையில கொட்டினேன்னு சொல்றாங்களா, சார்? ரெண்டு வருஷமா ஒரு வேளை தப்பாம கொடுத்துகினு வரேன்."

"சொல்லலைம்மா. எழுதியே வெச்சிருக்காங்க" என்றார் குப்புராஜ், மருத்துவக் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் பட்டுத் தறிகளுக்கு டிசைன் வரைபவர். சேலையில் பிழை எங்கே என்று கேட்டு வருகிறவர்கள் ஊர் வழக்குகளையும் கொண்டுவருவார்கள். இது முள்ளிப்பட்டு டயானாவின் வழக்கு. மகள் சாராவுக்குப் பிறந்ததிலிருந்தே சளி, இருமல், காதில் சீழ். கிளினிக்கில் காசநோய் என்றார்கள், குணமாகவில்லை. 'தாய் மருந்தை ஒழுங்காகத் தரவில்லை' என்று டாக்டர் எழுதிய வரியைப் படித்துவிட்டு, பள்ளிக்கூடம் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

அவருடைய உதவியாளர் காவ்யா, போலி மாத்திரைதான் என்று அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டாள். குப்புராஜ் மூன்று எக்ஸ்ரே படங்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூன்றிலும் இதயம் இடப்பக்கம். வலது தோளெலும்பில் உடைந்து கூடிய முடிச்சு. சாரா நாலு வயதில் தறிக்குழியில் விழுந்தாள் என்றாள் டயானா. எந்தத் தோள் என்று அவர் கேட்டதும், குழந்தை இருமிக்கொண்டே இடது தோளைத் தொட்டுக் காட்டியது.

அன்று மதியமே கிளினிக்கில் டாக்டர் தேவகியையும் எக்ஸ்ரே எடுக்கும் சடையப்பனையும் எதிரே உட்காரவைத்தார்.

"சேலையோட முன்பக்கம் தறியில கீழே கிடக்கும். அதனால மேலே தெரியுறதை நம்பி நாங்க வலம் இடம் சொல்றதில்லை. ஒரு அடையாளத்தைப் பிடிச்சுதான் சொல்வோம். இங்க அடையாளம் அந்த எலும்பு. படத்துல இதயத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கு. குழந்தைக்கு உடைஞ்சது இடது. அப்போ இதயம்?"

"வலப்பக்கம்" என்று முணுமுணுத்தாள் காவ்யா.

சடையப்பன் தலைகுனிந்தார். இதயம் வலப்பக்கம் தெரிந்ததும், படம் தப்பாக விழுந்துவிட்டது, திட்டு விழும் என்று பயந்து, மூன்று தடவையும் கம்ப்யூட்டரில் திருப்பிவிட்டதை ஒப்புக்கொண்டார்.

"இவருக்காவது பயம். குழந்தை நெஞ்சுல ஒரு தடவை ஒழுங்கா ஸ்டெத் வைக்காதவங்களுக்கு என்ன?" என்றார் குப்புராஜ்.

தேவகி சாராவின் வலது மார்பில் ஸ்டெத்தை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு, மூச்சுக்குழாயில் சளியை வெளியே தள்ளும் நுண்ணிய மயிர்கள் சரியாக அசையாத அரிய பிறவிநோயாக இருக்கலாம் என்றார். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் தெரியாமலே வருவது. சிலருக்கு இதயமும் இடம் மாறியிருக்கும். பெரிய ஆஸ்பத்திரியில் உறுதிசெய்ய வேண்டும். யாருக்கும் தொற்றாது. காசநோய் மாத்திரைக்கு இது கேட்காது.

டயானா அழவில்லை. கோப்பைத் திறந்து அந்தப் பக்கத்தை டாக்டர் முன்னால் நகர்த்தினாள்.

"இந்த வரியை உங்க கையாலேயே அடிச்சுட்டு, பக்கத்துல கையெழுத்துப் போடுங்க மேடம். பள்ளிக்கூடம் நாலு மணி வரைக்கும் இருக்கும்."