ஒண்ணுமில்லைன்னு சொன்னீங்களே

தச்சரின் மணிக்கட்டு குளிர்ந்திருந்தது. வெளியே வெயில் இன்னும் சாயவில்லை, ஏசி பழுதாகிக் கிடந்தது, டாக்டரம்மாவின் முதுகில் வேர்வை கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கை மட்டும் தண்ணீர்த் தொட்டியில் ஊறியதுபோல் இருந்தது.

"எப்படி இருக்கீங்க?"

"எனக்கென்ன டாக்டரம்மா, கல்லு மாதிரி இருக்கேன். நீங்கதான் அன்னிக்கே சொல்லிட்டீங்களே."

சிரித்தார். பின்னால் நின்ற அவர் மனைவி சிரிக்கவில்லை.

டாக்டரம்மா நாடியைத் தேடினாள். விரலை நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

போன வாரம் இதே ஸ்டூலில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இசிஜி அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. வார்டில் ஒரு ராத்திரி வைத்துப் பார்க்கலாமா என்று அவள் தயங்கியபோது, சீஃப் டாக்டர் வழக்கம்போல் தன் அறையிலிருந்து நடுக்கதவைத் திறந்து தலையை நீட்டினார். அங்கே அதுதான் நடைமுறை. சந்தேகம் வந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் தலையாட்டினால் அனுப்பிவிட வேண்டும்.

"சந்தேகத்தை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா நீ தாங்க மாட்டேம்மா. என்கிட்ட இறக்கி வச்சிடு," என்று அவள் சேர்ந்த புதிதில் சொன்னவர் அவர்தான். அதற்குமுன் அவள் ஆறிப்போன சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, அன்றைக்குப் பார்த்த முகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருப்பாள். அவர் பாரத்தை வாங்கிக்கொண்ட பிறகு தூக்கம் வந்தது. பிறகு தூக்கம் மட்டும்தான் வந்தது. அழுகையோ கோபமோ வரவில்லை. யார் பெயரும் நினைவுக்கு வரவில்லை.

தச்சருக்கும் அவர் தலையாட்டினார். அவளும் சொன்னாள்: "ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போங்க."

இப்போது ஸ்டெதஸ்கோப்பை அந்த நெஞ்சில் வைத்தாள். விசிறியின் கிறீச்சொலி கேட்டது, நடையில் யாரோ செருப்பைத் தேய்ப்பது கேட்டது, அவள் காதுக்குள் அவள் ரத்தமே இரைவது கேட்டது. கேட்க வேண்டியது மட்டும் கேட்கவில்லை. மரத்தூள் வாசனைக்கு அடியிலிருந்து, மாற்றாமல் விட்ட பூச்சாடித் தண்ணீரின் நாற்றம் மெல்ல எழுந்தது.

மனைவி அவள் காதருகே குனிந்தாள். "அன்னிக்கு ராத்திரியே மூச்சு நின்னுபோச்சு டாக்டர். தெருவே கூடிடுச்சு. இவர் எழுந்து உக்காந்து, 'எதுக்குடி ஒப்பாரி, டாக்டரம்மாதான் ஒண்ணுமில்லைன்னாங்களே'ன்னாரு. என்னால பக்கத்துல படுக்க முடியல. உண்மையைச் சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

டாக்டரம்மா நடுக்கதவைத் தள்ளிக்கொண்டு சீஃபின் அறைக்குள் போனாள். அவர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார்.

"சார், அந்தத் தச்சர். நீங்க தலையாட்டினீங்களே."

"நானா? எனக்குக் கழுத்து வலிம்மா. தலை தானா ஆடும். அதைப் போய் உத்தரவுன்னு எடுத்துக்கிட்டா எப்படி?"

"ஒரு தடவை வந்து பாருங்க சார்."

அவர் கண் அவளைத் தாண்டி, நடைப் பக்கக் கண்ணாடி ஜன்னலில் போய் நின்றது. முகத்தில் இருந்த இளிப்பு காணாமல் போனது. எழுந்து வந்தார். அவள் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்.

"எல்லாம் உன் பேஷண்ட். உன் வாயாலதான் சொன்னே."

தாழ்ப்பாள் விழுந்தது. மேசையை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம்.

தச்சர் அதே ஸ்டூலில் காத்திருந்தார். "சொல்லுங்க டாக்டரம்மா. இவ நம்ப மாட்டேங்கிறா."

இந்த ஒரு தடவை சந்தேகமே இல்லை. துளிகூட இல்லை. மனைவி அவள் உதட்டையே பார்த்தாள். டாக்டரம்மா நடுக்கதவைப் பார்த்தாள். பழக்கம். மூடியிருந்தது.

வாய் தானாகத் திறந்தது.

"ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போங்க."

"அடிப்பாவி," என்றாள் மனைவி. கத்தவில்லை. தச்சர் மனைவியின் தோளில் கைபோட்டு அணைத்துக்கொண்டார். அவள் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. இருவரும் திரையை விலக்கிக்கொண்டு வெளியேறினார்கள். விலகிய திரை திரும்ப மூடவில்லை.

நடை நெடுக பெஞ்சுகள். பெஞ்சு நிறைய ஆட்கள். பெயர் தெரியாத, முகம் தெரிந்த ஆட்கள், அவள் வாயாலேயே வீட்டுக்கு அனுப்பியவர்கள். இருமல் இல்லை. முனகல் இல்லை. ஒரு நெஞ்சும் ஏறி இறங்கவில்லை.

அத்தனை பேரும் அவளைப் பார்த்து நம்பிக்கையோடு சிரித்தார்கள். முதல் ஆள் எழுந்தார். நடந்து வந்தபடியே சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.