பொட்டலம் வைத்த பெட்டி

"ஐயோ...!"

பீயுன் போட்ட கூச்சலில் தைனான் நகரத்துக் கோயில் தெருவே திரும்பிப் பார்த்தது.

அவளுடைய சோயாப் பால் கடையின் பின்கட்டு. அரைக்கும் மிஷின் பக்கத்தில் அவள் புருஷன் வென்ஷியோங் குப்புறக் கிடந்தான். பின்மண்டை முழுக்க ரத்தம்.

உயிர் இல்லை!

பத்தே நிமிடத்தில் இன்ஸ்பெக்டர் ஷியே வந்துவிட்டார். அவருக்கும் முன்னால் வந்து நின்றான் யாவ்திங். செத்தவனின் தம்பி. கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரன். கடையை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்று ஒரு வருடமாக அண்ணனை நச்சரித்தவன்.

"இவதான் ஸார் கொன்னா! காலையில ரெண்டு பேருக்கும் சண்டை... தெருவுக்கே கேட்டுச்சு!"

"வாயை அலம்பிட்டுப் பேசு!" பீயுன் சீறினாள். "பால்ல சர்க்கரை குறைச்சல்னு கத்தினார். வாங்கிட்டு வர சந்தைக்குப் போனேன். அதுக்குள்ள..."

"கேமரா இருக்கேம்மா," என்றார் ஷியே. "பதிவு எங்கே?"

கல்லாவுக்குக் கீழே பார்த்தார்கள்.

பதிவுப் பெட்டி பால் வாளியில் மூழ்கிக் கிடந்தது!

அதன் மேல் வழக்கமாக இருக்கும் பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலம் மட்டும் அலமாரியில் பத்திரமாக நின்றது. மிஷின் மக்கர் பண்ணாமல் சொன்ன பேச்சு கேட்கும் என்ற நம்பிக்கையில் ஊரே மிஷின் மேல் வைக்கிற பொட்டலம்தான்.

"போச்சு! எல்லாப் பதிவும் போச்சு!" யாவ்திங் கைகொட்டினான். "பெட்டி இருக்கிற இடம் அவளுக்குத்தானே தெரியும்? அண்ணியாம் அண்ணி! ஜெயில்ல போய்ப் பால் காய்ச்சு!"

ஷியே விலங்கை எடுத்தார்.

பீயுன் அதைத் தட்டிவிட்டாள். பயத்தில் இல்லை, ஆத்திரத்தில்!

"ஸார்... செத்த பெட்டியை எத்தனை தடவை கொல்லுவாங்க?"

"என்னம்மா உளர்றே?"

"அது ரெண்டு வருஷம் முன்னாடியே படுத்துடுச்சு. விளக்கு மட்டும் எரியும். 'கை வைக்க வர்றவன் பொட்டலம் இருக்கிற பெட்டியைத்தான் தேடுவான்'னு பொட்டலத்தை அதும்மேல வெச்சார் என் வீட்டுக்காரர். ஓடுற பெட்டி கூரைப் பலகைக்கு மேல, இரும்புக் கூண்டுல பூட்டியிருக்கு. அதுல பதியறதுக்கும் ஒரு நகல் தினமும் எங்க அக்கா வீட்டுக்குப் போகுது."

"பொய்!" யாவ்திங் அலறினான். "பொட்டலம் இல்லாம எவனாவது மிஷினை ஓட்டுவானா?"

ஷியே ஏணி போட்டு ஏறினார். பலகையை நகர்த்தினார்.

இருந்தது!

திரையில் ஒன்பது நாற்பது. வென்ஷியோங் குனிந்து சோயாவைக் கொட்டுகிறான். பின்கதவு திறக்கிறது. கையில் இரும்புக் கம்பியோடு...

யாவ்திங்!

அடித்தான். கல்லாவுக்கு ஓடினான். பொட்டலத்தை இரண்டு கையாலும் எடுத்து அலமாரியில் வைத்தான். அப்புறம்தான் பெட்டியைப் பாலில் அமுக்கினான்.

"கூடப் பிறந்தவன் தலையில கம்பி... பொட்டலத்துக்கு மட்டும் மரியாதையா?" ஷியே விலங்கை அவன் கையில் மாட்டினார்.

"ஒரு பிசாத்துப் பால் கடை!" யாவ்திங் பல்லைக் கடித்தான். "இதுக்கு எதுக்குடி ரெண்டு பெட்டி?"

பீயுன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி ஒருத்தன்தானேன்னு ரெண்டோட நிறுத்தினார்டா. இன்னொருத்தன் இருந்திருந்தா மூணு வாங்கியிருப்பார்!"