அறுபது மீட்டர் ஆழத்தில் ஒரு ஸ்பேனர்

டெலிபோன் அலறியது.

வின்ச் அறையில் இருந்தவள் எடுத்தாள். ஆராய்ச்சிக் கருவிகளைக் கடலுக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கயிறும் அதைச் சுற்றும் வின்ச் இயந்திரமும் அவள் பொறுப்பு. அதனால் அந்தக் கப்பலில் எல்லோருக்கும், பத்து வயது மூத்த சமையல்காரருக்கும்கூட, அவள் வின்ச் அக்கா.

பேசியது சமையல்காரர்தான்.

"அக்கா... பெரிய புரொபசர் செத்துக் கிடக்கார். சாம்பிள் ரூம்ல. பின்மண்டையில அடி."

"ஐயோ... யாரு?"

"உன் தம்பின்னு கேப்டன் சொல்றார். அவன் ஸ்பேனரக் காணோமாம். அடிச்சுட்டுக் கடல்ல வீசிட்டானாம். ரூம்ல போட்டுப் பூட்டிட்டார். ரெண்டு மணிக்கு போலீஸ் படகு வருது."

கடிகாரம் பன்னிரண்டு நாற்பது காட்டியது.

இன்ஜின் மக்கர் செய்து, எதிர்பாராமல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு மூன்று நாள். மெக்கானிக் தம்பி இன்ஜினுக்கு அடியிலேயே கிடந்தான். மற்றவர்கள் கைப்பிடிக் கம்பியில் துணி காயப்போட்டார்கள், சீட்டாடினார்கள். புரொபசர் மட்டும் வாளி வாளியாகக் கடல் தண்ணீரை மொண்டு சோதித்தார். சும்மா இருக்க அவருக்கு வராது.

தண்ணீரில் எண்ணெய்.

நேற்று அவளிடம் சொன்னார். "ஓடற கப்பல் தன் அழுக்கப் பின்னால விட்டுட்டுப் போயிடும்மா. நின்னா மாட்டிக்கும். இது நம்ம கழிவு எண்ணெய். கடல்ல விடச் சொன்னது யாருன்னு எழுதத்தான் போறேன்."

அப்படி உத்தரவு போடக்கூடியவர் கப்பலில் ஒரே ஒருவர்தான்.

அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே கேப்டனிடம் போனாள்.

"தம்பிய வெளிய விடுங்க, கேப்டன்."

"கொலைகாரனையா?"

"ஸ்பேனர் கடல்ல கிடக்குன்னு சொல்றீங்க. இங்க ஆழம் அறுபது மீட்டர்தான். கேமராவ எறக்கிப் பாத்துடறேன்."

"வின்ச்சத் தொட்டா உன் வேல போயிடும்."

"போகட்டும். வேற வேல கிடைக்கும். வேற தம்பி கிடைக்க மாட்டான்."

பதிலுக்குக் காத்திருக்காமல் இறங்கினாள்.

ஒன்று பத்து.

ஆய்வறைத் திரையில் பழுப்புச் சேறு நகர்ந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பின்னால் ஆராய்ச்சியாளர்கள் நாலு பேர். வாசலில் சமையல்காரர்.

அவரைத் தள்ளிக்கொண்டு கேப்டன் நுழைந்தார். ஆறு வருஷத்தில் அந்த அறைக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான். சேறு பார்ப்பதெல்லாம் ஒரு படிப்பா என்பது அவர் கட்சி.

"யாரக் கேட்டு எறக்கின?"

"யாரையும் கேக்கல."

"நிறுத்து."

"மாட்டேன்."

கேப்டன் ஒரு அடி எடுத்து வைத்தார். நாலு பேரும் நாற்காலிகளை நகர்த்தி அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

திரையில் சேற்றுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று... நீளமாக.

"கல்லு," என்றாள். "சுத்திப் பாத்தாச்சு. ஸ்பேனர் கடல்ல இல்ல. அப்ப கப்பல்லதான் இருக்கணும். போலீஸ் வந்து ரூம் ரூமா தேடட்டும். முதல்ல உங்க ரூம்."

எண்ணெய் விஷயம் எழுதிய புரொபசரின் நோட்டு கேப்டனின் மெத்தைக்கு அடியில் இருந்தது.

"அது கல்லு இல்ல," என்றார் அவசரமாக. "நல்லாப் பாரு. சுத்தியிருக்கற துண்டப் பிரிச்சா உள்ள ஸ்பேனர் இருக்கும்."



அவள் மெல்லத் திரும்பினாள்.

"எந்தத் துண்டு, கேப்டன்?"

கேப்டன் வாசலைப் பார்த்தார். அதைச் சமையல்காரர் முழுசாக அடைத்துக்கொண்டு நின்றார்.

"சொன்னா... சொன்னா என்ன? எடுத்துக் காட்டு பாப்போம். துண்டுல என் பேரா எழுதியிருக்கு?"

"எத எடுக்கறது?"

திரையின் கீழ் மூலையில் விரலை வைத்தாள். சின்ன எழுத்தில் ஒரு தேதி. போன வருஷத்துத் தேதி; ஓடியது பழைய வீடியோ. ஏதோ ஒரு கடல், ஏதோ ஒரு கல். அறையில் இருந்த நாலு பேரும் முதல் நிமிஷமே அதைப் படித்துவிட்டு வாயை இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கேப்டன் அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

"கேமரா மூணு நாளா ரிப்பேர், கேப்டன்," என்று கையை நீட்டினாள். "சாவியக் குடுங்க. அதச் சரிபண்ணத் தெரிஞ்ச ஒரே ஆளத்தான் நீங்க பூட்டி வச்சிருக்கீங்க."