தம்பியின் பால்

தொட்டிலை மடித்துப் பரண்மேல் வைத்துவிட்டார் அப்பா. அதில் படுக்க வேண்டிய தம்பி, பிறந்த அன்றே இறந்துபோனான். அவனுடைய இதயம் சரியாக அமையவில்லை என்று டாக்டர் சொன்னார்.

அதன் பிறகு வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பேருந்து ஓட்டும் அப்பாதான் சமைத்தார். ஒருநாள் உப்பு போட மறந்தார். மறுநாள் அந்த உப்பையும் சேர்த்துப் போட்டார். வாலு கேலி செய்யாமல் சாப்பிட்டாள். வாலு என்பது வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர். அந்தப் பெயருக்கு ஏற்றபடி நடக்க இப்போது அவளுக்கு மனமில்லை.

ஒருநாள் அவள் பள்ளி விட்டு வந்தபோது, அம்மா சமையலறையில் ஒரு கிண்ணத்தைச் சாய்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா அது?"

"தாய்ப்பால். தம்பி இல்லைன்னு இந்த உடம்புக்குத் தெரியலையே. கட்டிக்கிட்டு வலிக்குது. அதான் எடுத்துக் கொட்டுறேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அப்பா அம்மாவை மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது வாலுவும் கூடப் போனாள். வெளியே பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில், க்ரீஸ் கறைச் சட்டையோடு ஒரு மெக்கானிக் உட்கார்ந்திருந்தார். அவரிடம் நர்ஸ் தணிந்த குரலில் பேசினார்.

"பாப்பாவோட அம்மா இன்னும் கண் திறக்கலை. மத்த அம்மாங்க தானமா குடுக்கிற பாலும் தாய்ப்பால் வங்கியில தீரப்போகுது."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். அவர் எழுந்து போனதும் வாலு நர்ஸிடம் கேட்டாள்.

"பவுடர் பால் போதாதா அக்கா?"

"வயிறு நிறையும். ஆனா இது குறைமாசப் பாப்பா. சளி பிடிச்சா நெஞ்சுக்குள்ள இறங்கிடும், மூச்சு திணறும். அந்தச் சின்ன உடம்புக்கு இன்னும் கிருமியோட சண்டை போடத் தெரியாது. தாய்ப்பால் துணைக்கு நின்னு சண்டை போடும்."

"எப்பவும் ஜெயிக்குமா?"

"எப்பவும்னு சொல்ல முடியாது. நிறைய தடவை ஜெயிக்கும்."

வீட்டுக்கு வந்ததும் வாலு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, கொட்டும் பாலை அந்தப் பாப்பாவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாள்.

"அது உன் தம்பியோட பால்" என்றார் அம்மா.

"தெரியும்மா." வாலு அம்மாவின் மடியில் தலை வைத்துக்கொண்டாள். "தம்பிகிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பானா?"

அம்மா அவள் தலைமுடியைக் கோதிவிட்டார்.

"உன் தம்பியாச்சே. முதல்ல மாட்டேன்னு அடம் பிடிச்சிருப்பான். அப்புறம் குடுத்திருப்பான்."

சொல்லிவிட்டு அம்மா அழுதார். வாலுவும் அழுதாள்.

மறுநாளே இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். அம்மாவின் ரத்தத்தைப் பரிசோதித்த பிறகு பாலை வாங்கிக்கொண்டார்கள். அதைச் சூடாக்கிக் கிருமி நீக்கிக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்களாம். அதன் பிறகு அம்மா தினமும் போனார். ஆனால் குழந்தைகள் இருக்கும் அறைப் பக்கம் மட்டும் போகவில்லை.

ஒருநாள் அம்மாவோடு போன வாலு, தான் மட்டும் அந்த அறைக்குப் போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். உள்ளே நர்ஸ் சின்னக் கரண்டியால் மெக்கானிக்கின் பாப்பாவுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பேருந்தில் அம்மா மெல்லக் கேட்டார்.

"எப்படி இருந்தா?"

"ரொம்பச் சின்னதா இருந்தாம்மா. இன்னும் சளி எதுவும் பிடிக்கலையாம். குடிச்சிட்டு அப்படியே தூங்கிட்டா. வயிறு மட்டும் ஏறி ஏறி இறங்குச்சு."

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே இருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. இறங்கும் இடம் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாலுவின் கையைப் பிடித்தார்.

"நாளைக்கு நானும் வந்து பார்க்கிறேன்."